மேசைக்கு அடியில்

என் வீட்டு மாடியில் ஒரு ரயில் ஓடுகிறது என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நாற்பதைத் தாண்டிய தமிழ் விரிவுரையாளன், வகுப்பில் குறுந்தொகையும் நன்னூலும் நடத்துகிறவன், இவனுக்குப் பொம்மை ரயில் எதற்கு என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருக்கும். அந்தக் கேள்வியை நான் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கட்டுரை அந்த ரயிலைப் பற்றியது அல்ல. அது ஓடுகிற மேசைக்கு அடியில் கிடக்கும் ஒயர்களைப் பற்றியது. இலக்கியம் பேசுகிற இடத்தில் ஒயருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் நினைக்கலாம். சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சென்ற விடுமுறையில் முதுகலை மாணவர்கள் ஆறேழு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எட்டடிக்கு நான்கடி பிளைவுட் பலகை. அதன் ஒரு பக்கம் ராயபுரம், மறுபக்கம் திருவொற்றியூர், நடுவே சரக்கு வண்டிகள் நிற்கும் தண்டையார்பேட்டை யார்டு, ஓரமாக நீலம் பூசிய கடல். வண்டியை ஓட்டிக் காட்டினேன். எல்லோரும் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தார்கள். ஒரு மாணவி மட்டும் படம் பிடிக்கவில்லை. எண்ணூரிலிருந்து வருகிற பெண், தந்தை எலக்ட்ரீஷியன். அவள் தரையில் முழங்காலிட்டுப் பலகைக்கு அடியில் தலையை நீட்டினாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு உள்ளிருந்தபடியே கேட்டாள்: "சார், ஒவ்வொரு ஒயருக்கும் நம்பர் எழுதி ஒட்டியிருக்கீங்களே, யாருக்காக?"

"எனக்காகத்தான்" என்றேன். அது சரியான பதில் அல்ல என்று அவர்கள் போன பிறகுதான் உறைத்தது. சரியான பதிலை எழுதிப் பார்க்கும் முயற்சியே இது.

*

ரயில் மீது எனக்குள்ள ஈடுபாட்டுக்கு ஊர்தான் காரணம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. சென்ட்ரல் நிலையம் வந்தது 1873-ல். அதுவரை சென்னையின் ரயில் நிலையம் என்றால் அது ராயபுரம். பம்பாயிலும் ஹௌராவிலும் அதற்கு முன்பே வண்டிகள் ஓடத் தொடங்கியிருந்தாலும், அந்த முதல் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. ராயபுரத்தின் தூண்கள் மட்டும் நிற்கின்றன. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று நிலையங்களின் பெயர்களைப் பள்ளிப்பாடம்போல ஒப்பித்து வளர்ந்தவன் நான். ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரே ரயில் நிலையத்தின் பெயராக நிலைத்துவிட்ட ஊர் இது.

மாதிரி ரயில்களில் உலகெங்கும் அதிகம் புழங்குவது எச்.ஓ. என்ற அளவு. நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர். இதை 87-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1,435 மில்லிமீட்டர் வரும். அது ஐரோப்பாவின் பெரும்பகுதியில் வழங்கும் பாதையின் அகலம். நம்முடைய அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். நியாயப்படி என் மேசையில் பாதையின் அகலம் 19 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். அப்படி ஒரு தண்டவாளம் கடையில் கிடைப்பதில்லை. ஆகவே என் ராயபுரம் அளவிலேயே ஒரு பொய். கடல் வெறும் சாயம். பனைமரங்கள் தேய்ந்த பிரஷ்கள். மேலே பொய் இருக்கலாம். கலைக்கு அந்த உரிமை உண்டு. அடியில் பொய் இருக்க முடியாது. அங்கே ஒரு ஒயர் சரியாக இருக்கும், அல்லது தவறாக இருக்கும்.

முதன்முதலில் மேசையைக் கட்டியபோது எனக்கு இது தெரியவில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து இரண்டு ஒயர்கள், தண்டவாளம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. 12 வோல்ட் நேர்மின்சாரம். எஞ்சினின் சக்கரங்கள் அதை எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கின்றன. இரண்டு ஒயரையும் இடம் மாற்றிக் கொடுத்தால் வண்டி பின்னோக்கிப் போகும். இவ்வளவுதான் தத்துவம். வெறும் இரண்டு ஒயர், இதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

தண்டவாளத் துண்டுகளைச் சிறிய உலோகத் தகடுகள் இணைக்கின்றன. மின்சாரமும் அந்தத் தகடுகளின் வழியேதான் துண்டுக்குத் துண்டு தாவிப் போக வேண்டும். தண்டவாளமோ நிக்கல் சில்வர் என்னும் கலப்பு உலோகம். பெயரில் வெள்ளி இருக்கிறதே தவிர, உள்ளே இருப்பவை செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். தனிச் செம்பைக் காட்டிலும் பல மடங்கு மின்தடை கொண்டது. இதோடு திருவொற்றியூரின் உப்புக் காற்றும் சேர்ந்துகொண்டது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் தகடுகளுக்குள் களிம்பு ஏறிவிட்டது. ராயபுரத்தில் துள்ளிப் புறப்பட்ட வண்டி திருவொற்றியூர் போய்ச் சேர்வதற்குள் மூச்சிரைத்து நின்றது.

எங்கே நின்றதோ அங்கே ஒரு ஒயர் கொடுத்தேன். கையில் எது அகப்பட்டதோ அது. பச்சை, மஞ்சள், பழைய தொலைபேசி ஒயர், தீபாவளிக்குத் தொங்கவிட்ட சீரியல் பல்பின் ஒயர். முனைகளை முறுக்கி, டேப் சுற்றினேன். வண்டி ஓடியது. ஓடியதால் சரியென்று நினைத்தேன். இந்த ஒரு வாக்கியத்தில்தான் இந்தக் கட்டுரையின் பிரச்சினை முழுவதும் இருக்கிறது.

ஆறு மாதம் கழித்து, பொங்கலுக்கு உறவினர் வீட்டுக் குழந்தைகள் வந்திருந்த நாளில் ஷார்ட் ஆகி எல்லாம் நின்றது. பாய் விரித்து அடியில் படுத்துப் பார்த்தேன். நானே கட்டிய நாற்பது ஒயர்களில் ஒன்றின் போக்குகூட எனக்குப் பிடிபடவில்லை. என் கையெழுத்தை என்னாலேயே வாசிக்க முடியாத நிலை. குழந்தைகள் கொஞ்ச நேரம் வண்டியைக் கையால் தள்ளி விளையாடிவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கப் போய்விட்டார்கள்.

*

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். ரயில்வேயின் சிக்னல் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்று அவர் உயிரோடு இல்லை. தயக்கத்தோடுதான் அவரை அழைத்தேன். நிஜ ரயிலோடு வாழ்ந்தவர் இதைப் பார்த்துச் சிரிப்பார் என்ற பயம். அவர் சிரிக்கவில்லை. மேலே இருந்த எதையும் பார்க்கவும் இல்லை. நேராகப் பாயில் படுத்து அடியில் நகர்ந்தார்.

"தம்பி, இது ஓடுதா ஓடலையான்னு நான் கேக்கல. நீங்க இல்லாதப்ப இன்னொருத்தர் வந்து இதைத் தொறந்தா, அவருக்குப் புரியுமா?"

"இதை வேற யாருங்க ஐயா தொறக்கப் போறாங்க?"

"ஆறு மாசம் கழிச்சு வர்ற நீங்களே வேற ஆளுதான் தம்பி."

எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடுங்கினேன். பிறகு அவர் சொல்லிக் கொடுத்த முறையை இங்கே எழுதிவைக்கிறேன், யாருக்காவது பயன்படும்.

பலகைக்கு அடியில் நீளவாக்கில் இரண்டு தடித்த ஒயர்கள். வீட்டு வயரிங்குக்குப் போடுகிற ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. இவைதாம் தாய் ஒயர்கள். ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் ஒரு மெல்லிய ஒயர் துளை வழியே கீழே இறங்கி, ஒரு சாண் தூரத்துக்குள் தாய் ஒயரில் சேர வேண்டும். வட்டத்தின் வெளித் தண்டவாளம் என்றால் சிவப்பு, உள் தண்டவாளம் என்றால் கறுப்பு. கையிருப்பில் சிவப்பு தீர்ந்துபோனால் வேலையை நிறுத்திவிட்டு ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கி வர வேண்டுமே ஒழிய, மஞ்சளைப் போட்டுவிட்டு நினைவில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லக் கூடாது. இப்படிச் செய்த பிறகு மின்சாரம் தகடுகளை நம்பி இருப்பதில்லை. தண்டவாளத்தை நேராகப் பிடித்துக்கொள்வதோடு தகடுகளின் வேலை முடிந்துவிடும்.

ஒயரைத் தண்டவாளத்தோடு சேர்ப்பது ஈயப்பற்றினால். சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின் உள்பக்கமாக உருள்வதால், பற்று வெளிப்பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டையும் சுரண்டிச் சுத்தம் செய்து, தனித்தனியே ஈயம் பூசி, பிறகு ஒன்றின் மேல் ஒன்றை வைத்துச் சட்டென்று தொட்டு எடுக்க வேண்டும். தாமதித்தால் கீழே இருக்கும் பிளாஸ்டிக் கட்டைகள் இளகிவிடும். முறுக்கி டேப் சுற்றும் பழக்கம் கூடவே கூடாது; நம் ஊர் வெயிலில் பசை வழிந்து டேப் தானாகவே கழன்றுகொள்ளும்.

ஒவ்வொரு ஒயருக்கும் ஓர் எண். இரண்டு முனைகளிலும் அதே எண். "ஒரு முனையில மட்டும் எழுதுனா அது பேரு இல்ல தம்பி, வதந்தி" என்றார். கூடவே ஒரு நோட்டு. எண், நிறம், எங்கிருந்து எங்கே, கட்டிய தேதி. எதையாவது மாற்ற வேண்டுமென்றால் முதலில் நோட்டை மாற்ற வேண்டும், பிறகுதான் ஒயரை. வேண்டாத ஒயரைச் சும்மா தொங்கவிடக் கூடாது. இரண்டு முனைகளையும் கழற்ற வேண்டும். கழற்ற முடியாவிட்டால் வெட்டி, முனையை மூடி, செத்த ஒயர் என்று நோட்டில் எழுத வேண்டும். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் சற்று உயர்ந்தது நினைவிருக்கிறது.

கடலோரம் நான் ஆசைப்பட்டு ஒரு திரும்பும் சுற்று போட்டிருந்தேன். வண்டி அதற்குள் நுழைந்து, சுற்றி வந்து, வந்த பாதையிலேயே எதிர்த்திசையில் சேரும். கண்ணுக்கு அழகான வளைவு. ஆனால் சுற்றி வந்து சேரும் இடத்தில் இடத் தண்டவாளம் வலத் தண்டவாளமாகிவிடுகிறது. சிவப்பு கறுப்பைச் சந்திக்கிறது. பொங்கலன்று நின்றுபோனதற்குக் காரணம் அதுதான். அதுவரை அங்கே போட்டிருந்த அரைகுறை ஏற்பாடு அன்றைக்குக் கைவிட்டுவிட்டது. சுற்றின் இரு முனைகளிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டி, இடைவெளியில் பிளாஸ்டிக் வைத்து, அந்தப் பகுதிக்கு மட்டும் தனியாக ஒரு மாற்று சுவிட்ச் வைத்தோம். மேலிருந்து பார்த்தால் வளைவில் எந்த மாற்றமும் தெரியாது.

எல்லாம் முடிந்ததும் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்தார். தண்டவாளங்களின் மேல் குறுக்கே வைத்தார். கட்டுப்பாட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து மின்சாரம் நின்றது. நாணயத்தை எடுத்து ஒரு முழம் தள்ளி வைத்தார். மறுபடியும் விளக்கு. இப்படியே ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை. எந்த இடத்தில் வைத்தாலும் விளக்கு உடனே எரிய வேண்டும். எங்கே தயங்குகிறதோ அங்கே இணைப்பு பலவீனம்.

"நிஜ ரயிலும் இதைத்தான் செய்யுது" என்றார்.

*

அவர் சொன்னதன் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது. மாதிரி ரயிலில் தண்டவாளத்தில் பாயும் மின்சாரம் வண்டியை ஓட்டுகிறது. நிஜ ரயிலில் பல இடங்களில் தண்டவாளத்தில் ஒரு சிறிய மின்சாரம் பாய்கிறது. அது வண்டியை ஓட்டுவதற்கு அல்ல, வண்டி எங்கே இருக்கிறது என்று சாட்சி சொல்வதற்கு. வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1872-ல் கண்ட முறை. பாதையின் ஒரு பகுதியைப் பிரித்து, ஒரு முனையில் மின்கலம், மறுமுனையில் ஒரு ரிலே. பாதை காலியாக இருந்தால் ரிலே மின்சாரம் பெற்றுத் தூக்கி நிற்கும். வண்டி நுழைந்தால் அதன் சக்கரங்களும் அச்சும் அந்த நாணயத்தைப்போல இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும், ரிலே விழும், பின்னால் சிக்னல் சிவப்பாகும். மின்கலம் தீர்ந்தாலும், ஒயர் அறுந்தாலும், தண்டவாளம் உடைந்து மின்சாரம் தடைப்பட்டாலும் ரிலே விழும், சிவப்பு எரியும். பழுதானால் பாதுகாப்பின் பக்கமாகச் சாயும்படி அமைத்திருக்கிறார்கள். மனிதன் செய்த பொருள்களில் இவ்வளவு அடக்கமான ஞானம் கொண்டவை குறைவு என்றே நினைக்கிறேன்.

இந்த ஞானத்தைத் தோற்கடிக்க ஒரே ஒரு ஒழுங்கற்ற ஒயர் போதும். 1988 டிசம்பர் 12 அன்று லண்டனில் கிளாப்பம் சந்திப்புக்கு அருகே அதுதான் நடந்தது. சிக்னல்களைப் புதுப்பிக்கும் வேலையில் பழைய ஒயர் ஒன்றை ஒரு முனையில் மட்டும் கழற்றியிருந்தார்கள். வெட்டவில்லை, கட்டி ஒதுக்கவில்லை, முனையை மூடவில்லை. பிறகு அதே இடத்தில் வேறு வேலை நடந்தபோது அது அசைந்து தன் பழைய இடத்தைப் போய்த் தொட்டது. விழ வேண்டிய ரிலே, அந்தப் பொய்யான மின்சாரத்தால் தூக்கியே நின்றது. முன்னால் ஒரு வண்டி நின்றிருக்க, பின்னால் வந்த வண்டிக்குச் சிவப்பு காட்டப்படவில்லை. 35 பேர் இறந்தார்கள். ஆந்தனி ஹிட்டன் நடத்திய விசாரணையின் அறிக்கை 1989-ல் வந்தது. அந்தத் தொழில்நுட்பப் பணியாளரின் தவறுகளை அது ஒளிக்கவில்லை. ஆனால் கூடவே இரண்டைச் சொன்னது. அவர் பல ஆண்டுகளாக இப்படித்தான் வேலை செய்துவந்தார், யாரும் தவறென்று சொல்லித் தரவில்லை. விபத்துக்கு முந்தைய 13 வாரங்களில் அவருக்கு ஒரே ஒரு நாள்தான் விடுமுறை கிடைத்திருந்தது.

நம் கதை இன்னும் பக்கத்தில் இருக்கிறது. கோரமண்டல் எக்ஸ்பிரஸ் எங்கள் திருவொற்றியூரைக் கடந்துதான் சென்ட்ரலுக்குப் போகும். 2023 ஜூன் 2 மாலை, சென்னை நோக்கி வந்துகொண்டிருந்த அந்த வண்டி ஒடிசாவின் பஹநாகா பஜார் நிலையத்தில் மெயின் லைனுக்கான பச்சை விளக்கைப் பார்த்தபடி லூப் லைனுக்குள் நுழைந்து, நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. தடம்புரண்ட பெட்டிகளில் எதிரே வந்த பெங்களூரு – ஹௌரா வண்டியும் சிக்கியது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை முடிவு நாடாளுமன்றத்திலேயே சொல்லப்பட்டது: அந்நிலையத்தின் சிக்னல் இணைப்புகளில் முன்பு ஒருமுறை செய்த மாற்றத்திலும், லெவல் கிராசிங் தடுப்பு ஒன்றை மாற்றும் பணியிலும் நேர்ந்த குறைகள், தவறான ஒயரிங், அதனால் தவறான சிக்னல். பெட்டிக்குள் இருந்த பெயர்க்குறிப்புகள் ஒயர்களின் உண்மையோடு பொருந்தவில்லை என்று செய்திகளில் படித்தபோது, எனக்குப் பெரியவரின் வார்த்தை நினைவுக்கு வந்தது. வதந்தி. அதற்கு ஓராண்டு முன்னர், 2022 மே மாதம், அதே தென்கிழக்கு ரயில்வேயின் பாங்க்ராநயாபாஜ் நிலையத்திலும் தவறான ஒயரிங்கால் இதே வகைத் தவறு நேர்ந்திருந்தது. அப்போது யாரும் சாகவில்லை. ஆகவே யாரும் கற்றுக்கொள்ளவும் இல்லை.

வேலை செய்தது, ஓடியது, ஓடியதால் சரி என்று நினைத்தார்கள். என் மேசைக்கும் பஹநாகாவுக்கும் இடையில் வேறுபாடு அளவில் மட்டும்தான். இதை எழுதும்போதே கை கூசுகிறது. என் மேசையில் நஷ்டம் குழந்தைகளின் ஒரு பிற்பகல் மட்டுமே.

*

இப்போது அந்த மாணவியின் கேள்வி. பெயர் எழுதுவது யாருக்காக?

தமிழ் படித்தவர்களுக்கு இதன் விடை ஏற்கெனவே தெரியும் என்பேன். ஏட்டுச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. ரகரமும் கால் குறியும் ஒன்றுபோல இருக்கும். மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதும் பல இடங்களில் புலப்படாது. எழுதியவருக்கு இவை குழப்பமே இல்லை. அவருக்குப் பாடம் மனத்தில் இருந்தது. ஏடு மட்டும் கைக்கு வந்து பாடம் வராமல் போன காலத்தில்தான் சிக்கல். உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் பட்ட பாட்டை நாம் பெருமையோடு வகுப்பில் சொல்கிறோம். அந்தப் பாட்டின் பெரும்பகுதி, குறியிடப்படாத ஒயர்கள் நிறைந்த ஒரு பெட்டியைத் திறந்து நின்றவனின் பாடு. அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு சாமிநாதையர் வருவார் என்று நம்பிப் பெட்டியைக் கட்டக் கூடாது.

ஒழுங்காகக் கட்டிய ஒயரிங் அழகுக்காக அல்ல. அது ஒரு கடிதம். நாம் அறியாத, நாம் இல்லாத ஒரு நாளில், ஒருவேளை நள்ளிரவில், டார்ச் வெளிச்சத்தில், மழையில், அதிகாரியின் தொலைபேசி அழைப்புக்கு நடுவில் அந்தப் பெட்டியைத் திறக்கப்போகும் இன்னொருவருக்கு எழுதிய கடிதம். அவரை முட்டாளாக்காமல் இருப்பதுதான் அதன் ஒரே நோக்கம்.

இந்தக் கடிதம் எழுதுகிறவர்களை நாம் எங்கே வைத்திருக்கிறோம்? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் 1946-ல் ஒரு மாதிரி ரயில் சங்கம் தொடங்கினார்கள். அதில் இரண்டு வகையினர் இருந்ததாக ஸ்டீவன் லெவி 1984-ல் வெளிவந்த தமது நூலில் எழுதுகிறார். எஞ்சினுக்கு வண்ணம் பூசி மலையும் ஊரும் செய்கிற மேசைமேல் கூட்டம் ஒன்று. பழைய தொலைபேசி ரிலேக்களைக் கொண்டு அடியில் ஒயர் கட்டுகிற சிக்னல் – மின்சாரக் குழு இன்னொன்று. கணினி உலகத்துக்கு 'ஹேக்கர்' என்ற சொல்லையும் அந்த மனப்பான்மையையும் கொடுத்தது அந்த அடிமேசைக் குழுதான். அங்கே அடியில் கிடந்தவர்கள் வரலாற்றில் இடம்பெற்றார்கள். இங்கே அடியில் கிடப்பவர் விபத்து நடந்தால் மட்டும் செய்தியில் இடம்பெறுகிறார்.

பஹநாகா வழக்கில் 2023 ஜூலையில் மத்தியப் புலனாய்வுத் துறை ரயில்வே ஊழியர்கள் மூவரைக் கைது செய்தது. வழக்கின் நியாய அநியாயம் நீதிமன்றத்தின் வேலை. அதில் நான் கருத்துச் சொல்லப் போவதில்லை. நான் கேட்பது வேறு. இரண்டு முனையிலும் எண் எழுத நேரம் பிடிக்கும். நோட்டை முதலில் மாற்ற நேரம் பிடிக்கும். வேலை முடிந்த பிறகு இன்னொருவர் வந்து ஒவ்வொரு ஒயராக எண்ணிச் சரிபார்க்க அதைவிட அதிக நேரம் பிடிக்கும். போக்குவரத்தை நிறுத்திவைத்திருக்கும் அந்தச் சில மணி நேரத்துக்குள் முடி என்று மேலிருந்து சொல்கிறவர், இந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் சொல்கிறாரா? ஒழுங்கை நாம் தனிமனிதரின் நற்குணமாக, வளர்ப்பாக, 'பொறுப்புணர்ச்சி'யாகப் பேசிப் பழகிவிட்டோம். எனக்கு என் மேசையில் ஒழுங்கு கைகூடியதற்குக் காரணம் என் குணம் அல்ல. எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. 13 வாரத்தில் ஒரே ஒரு நாள் ஓய்வு பெற்றவருக்கு அவை இல்லை. ஒழுங்கு என்பது நேரம் கொடுக்கப்பட்ட வேலை. நேரத்தைக் கொடுக்காமல் ஒழுங்கை மட்டும் கேட்பவர், உண்மையில் கேட்பது அதிர்ஷ்டத்தை.

எதிர்க்கருத்து ஒன்றுண்டு. எல்லாவற்றையும் எழுதி, எண்ணிட்டு, சரிபார்த்துக்கொண்டிருந்தால் நாடு நகருமா, நம் ஆட்கள் எழுதிவைக்காமலே எதையும் ஓட்டிக்காட்டும் கைத்திறன் உள்ளவர்கள் ஆயிற்றே என்பார்கள். அந்தக் கைத்திறனை நானும் வணங்குகிறேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் எந்த மெக்கானிக் கடையிலும் அதைக் காணலாம். ஆனால் அந்தத் திறன், அதை உடையவர் பணியில் இருக்கும் வரைதான் பாதுகாப்பு. அவர் ஓய்வு பெறும் நாளில் அது அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. எங்கள் பெரியவர் போனபோது எவ்வளவு போயிற்று என்று யாருக்குத் தெரியும்? எனக்குக் கிடைத்தது ஒரு பிளைவுட் பலகை அளவு.

*

வட சென்னையில் இருந்துகொண்டு இதை யோசிப்பதால் இன்னொன்றும் தோன்றுகிறது. சென்னை ஒரு மேசை என்றால், அதன் அடிப்பக்கம் நாங்கள். நகரம் வெளிச்சமாக இருக்க வேண்டிய அனல்மின் நிலையங்கள், அதற்கான நிலக்கரி, சாம்பல் குழாய்கள், எண்ணெய்க் குழாய்கள், உரத்துக்கான அம்மோனியாக் குழாய், கன்டெய்னர் லாரிகள் எல்லாம் இங்கே. விருந்தினர் குனிந்து பார்க்காத இடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் படகையும் வலையையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, கடலுக்கடியில் கிடந்த குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடினார்கள். மேலே இருக்கும் நகரத்தின் அழகைப் பற்றி எவ்வளவோ எழுதப்படுகிறது. ஒரு நகரத்தை அதன் கடற்கரைச் சாலையை வைத்து மதிப்பிடக் கூடாது; அதன் குழாய்களுக்கு யார் எண் எழுதியிருக்கிறார்கள், அந்த நோட்டு யாரிடம் இருக்கிறது என்பதை வைத்து மதிப்பிட வேண்டும். அந்தக் குழாய்களின் மேல் குடியிருப்பவர்கள் அந்த நோட்டைப் பார்க்க முடிகிறதா என்பதையும்.

அந்த மாணவி போன வாரம் மறுபடியும் வந்தாள். நான் அழைத்திருந்தேன். யார்டில் ஒரு புதிய பாதை சேர்க்க வேண்டியிருந்தது. ஈயப்பற்று அவளுக்கு என்னைவிட நன்றாக வருகிறது; அப்பாவிடம் கற்றதாகச் சொன்னாள். நான் நோட்டை வைத்துக்கொண்டு எண்களைச் சொல்ல, அவள் அடியில் இருந்தபடி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். 43 வரை எல்லாம் பொருந்தியது. பிறகு குரல் வந்தது.

"சார், இங்க நம்பரே இல்லாம ஒரு ஒயர் இருக்கு. பச்சை."

நோட்டில் பச்சையே இல்லை. பெரியவர் பிடுங்கச் சொன்ன நாளிலிருந்து தப்பி இத்தனை ஆண்டுகளாக அங்கேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு முனை ஒரு கனெக்டரில். மறுமுனை மூடாமல் காற்றில். அதைத் தாண்டி எத்தனை முறை ஒயர் கட்டியிருப்பேன். ஒழுங்கைப் பற்றி எத்தனை பேரிடம் பேசியிருப்பேன்.

அவள் இரு முனையையும் கழற்றி எடுத்து என் கையில் கொடுத்தாள். நோட்டில் தேதி போட்டு, பச்சை ஒயர் ஒன்று நீக்கப்பட்டது, கண்டுபிடித்தவர் இன்னார் என்று அவள் பெயரை எழுதினேன். அவள் கேள்விக்கு நான் அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டிய பதில் அதுதான்.